பிடிப்பதும் விடுவதும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

லண்டன் கால்வாயோரம் நடப்பதைப் பற்றி நீங்கள் எழுதியதில் தூண்டில்காரர்களைப் பற்றி ஒரு பத்தி வந்தது. காலையிலிருந்து சாயங்காலம்வரை உட்கார்ந்து மீன் பிடித்துவிட்டு, கிளம்பும்போது எல்லாவற்றையும் தண்ணீரிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள், நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்று எழுதியிருந்தீர்கள். எனக்குப் புரியவில்லை. தின்பதற்குப் பிடித்தால் அது பசி. விளையாட்டுக்காக ஒரு உயிரின் வாயில் முள்ளை மாட்டி இழுத்துவிட்டு, 'சரி, போய் வா' என்று அனுப்புவது என்ன தர்மம்? நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பதில் என்ன சுகம்? யாருக்கு என்ன பிரயோஜனம்? சின்ன வயதில் நொய்யலில் நானும் தூண்டில் போட்டவன்தான். ஆனால் பிடித்ததைக் குழம்பு வைத்தோம்.

இன்னொன்று. மே மாதம் மகள் வீட்டுக்கு மில்டன் கீன்ஸ் வருகிறேன், இரண்டு மாதம் இருப்பேன். இவ்வளவும் கேட்டுவிட்டு இதைக் கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது. அங்கே நானும் போய் உட்காரலாமா? அதற்கு என்னென்ன வேண்டும்?

அன்புடன்,
மு., கோயம்புத்தூர்

அன்புள்ள மு.,

கடைசிக் கேள்வி மட்டும் இல்லாவிட்டால் உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதியிருக்க மாட்டேன். நொய்யலில் தூண்டில் போட்ட கை இன்னும் அரிக்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

முதலில் அந்தச் 'சும்மா'வை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அங்கேதான் எனக்கு உங்களோடு உண்மையான சண்டை. எங்கள் பக்கம் ஓடுவது கிராண்ட் யூனியன் கால்வாயின் பேடிங்டன் கிளை. 1801இல் திறந்தது. அல்பெர்டனில் நம் ஆட்களின் கடைகளில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தால் கரைக்கு வந்துவிடலாம். மேலே நின்று பார்த்தால் பழுப்பு நிறத்தில் ஒரு நீளத் தொட்டி, நடுநடுவே ஒரு பிளாஸ்டிக் பாட்டில், ஒரு வாத்து. ஆனால் அடியில் அது ஒரே மட்டம் இல்லை. இந்தக் கரையை ஒட்டி ஆழம் குறைந்த ஒரு திட்டு, நடுவில் இருநூறு வருடமாகப் படகு ஓடி ஓடி விழுந்த பள்ளம், எதிர்க்கரையில் செடிகொடிக்குக் கீழே மறுபடி ஒரு திட்டு. திட்டு சரிந்து பள்ளத்தில் இறங்கி முடிகிற இடம் இருக்கிறதே, மீன் பெரும்பாலும் அங்கேதான் நிற்கும், ஏனென்றால் மேலே இருந்து உருண்டு வருகிற தீனி எல்லாம் அங்கேதான் வந்து சேரும். அந்த இடம் கண்ணுக்குத் தெரியாது, தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எப்படி என்றால், முள்ளில் ஒரு கனமான குண்டை மாட்டி, தக்கையை ஒரு உயரத்தில் வைத்துத் தண்ணீரில் இறக்குவோம். தக்கை முழுகிப்போனால் நாம் வைத்ததைவிட ஆழம் அதிகம், துருத்திக்கொண்டு நின்றால் குறைவு. தக்கையைக் கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி, அரை அடி தள்ளி, மறுபடி இந்தப் பக்கம் வந்து, இப்படியே தண்ணீருக்கு அடியில் இருக்கிற தரையை மனதில் வரைந்துகொள்ள வேண்டும். இதற்கே அரை மணி நேரம் ஆகும். அவசரக்காரர்கள் இதைச் செய்ய மாட்டார்கள், அப்புறம் நாள் முழுக்க மீனே இல்லை என்று கால்வாயைத் திட்டுவார்கள்.

இரைக்கு நான் பெரும்பாலும் கொண்டுபோவது கடையில் விற்கிற சாதாரண வெள்ளை ரொட்டி. ஓரத்தை வெட்டிவிட்டு, சப்பாத்திக் கட்டையால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, வட்ட விளிம்பு உள்ள பித்தளை முனை வைத்த ஒரு சின்னக் குத்துக்கருவியால் குத்தி எடுத்தால் வட்டமாக ஒரு துணுக்கு வரும், சட்டைப் பொத்தானில் பாதிகூட இருக்காது. அதை முள்ளில் கோத்து இறக்கினால் தண்ணீரில் ஊறி உப்பி, மெதுவாக மிதந்துகொண்டே அடிக்குப் போகும். மிச்ச ரொட்டியை மிக்சியில் உதிர்த்துப் பிடித்து எலுமிச்சை அளவில் ஒரே ஒரு உருண்டை, அந்தச் சரிவு முடிகிற இடத்தில். அதற்கு மேல் போடக்கூடாது, வயிறு நிறைந்துவிட்டால் மீன் ஏன் நம் துணுக்கைத் தேடி வரப்போகிறது?

அப்புறம் படகு வரும். புதிதாக வருகிறவர்களுக்குப் படகைக் கண்டால் எரிச்சல், ஆனால் எனக்கு அது வரவேண்டும். மணிக்கு 4 மைலுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி, ஆனாலும் அது கடந்து போகும்போது கரையோரத் தண்ணீர் உள்வாங்கி மறுபடி திரும்பும், அடிச்சேறு கிளம்பித் தண்ணீர் கலங்கும். தெளிந்த தண்ணீரில் நிழலுக்கே பயந்து ஒதுங்குகிற ரோச் மீன் இப்போது தைரியமாக மேய வெளியே வரும். படகு போன அடுத்த ஐந்து பத்து நிமிடம் கண்ணைத் தக்கையிலிருந்து எடுக்கக்கூடாது. தக்கை என்றால் நம் ஊர்ச் சோளத்தட்டைத் தக்கை மாதிரி இல்லை, தண்ணீருக்கு மேலே தெரிவது ஒரு துடைப்பக் குச்சி முனை அளவு சிவப்புப் புள்ளி மட்டும்தான், மிச்சத்தை எல்லாம் கடுகு அளவுக் குண்டுகள் கீழே இழுத்து வைத்திருக்கும். அந்தப் புள்ளி ஒருமுறை நடுங்கும். சில சமயம் முழுகாது, கொஞ்சம் மேலே எழும்பும், ஏனென்றால் கீழே மீன் இரையை வாயில் எடுத்துக்கொண்டு தலையைத் தூக்குகிறது, குண்டின் கனம் தக்கைக்குத் தெரியவில்லை. அதையும் கடி என்று படிக்கத் தெரிய வேண்டும்.

வருவது என்ன? உள்ளங்கை நீளத்துக்கு ஒரு ரோச். வெள்ளி உடம்பு, முதுகில் கொஞ்சம் நீலம் ஓடும், துடுப்புகள் செம்மண் நிறம், கண்ணில் ஒரு சிவப்பு வளையம். நேற்றுவரை அந்தக் கால்வாயில் பாட்டிலைத் தவிர எதுவும் பார்க்காதவர்களுக்கு இப்படி ஒன்று அங்கே வசிக்கிறது என்பதே நம்ப முடியாது. கையை நனைத்துக்கொண்டுதான் பிடிக்க வேண்டும், காய்ந்த கை பட்டால் மேலே இருக்கிற வழவழப்பு போய்விடும், அதுதான் அதற்கு நோய் வராமல் காக்கிற தோல். வரி போட்ட பர்ச் வந்தால் முதுகு முள்ளில் குத்து வாங்குவீர்கள். பிரீம் வந்தால் உங்கள் வலையும் துண்டும் சளியாகிவிடும், அந்த நாற்றம் துவைத்தாலும் சுலபத்தில் போகாது. சில நாள் நீங்கள் இழுத்துக்கொண்டிருக்கிற ரோச்சையே பைக் என்கிற வேட்டை மீன் ஒன்று நடுவில் வந்து கவ்விக்கொண்டு போகும்.

சரி, தர்மத்துக்கு வருகிறேன். மீனுக்கு வலிக்காது என்று இங்கே பலர் சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன். 2003இல் எடின்பரோ பக்கத்து ராஸ்லின் ஆய்வு நிலையத்தில் டிரவுட் மீன்களை வைத்து ஆராய்ந்தார்கள். முகத்திலும் தலையிலும் பரிசோதித்த 58 உணர்விகளில் 22, உடம்புக்குக் கேடு வருவதை உணர்கிற வகை என்று கண்டார்கள். உதட்டில் தேனீ விஷமோ அமிலமோ ஏற்றிய மீன்கள் பல மணி நேரம் தீனியைத் தொடவில்லை, அமிலம் பட்டவை வாயைச் சரளைக் கல்லில் தேய்த்துக்கொண்டன. நாம் படுகிற மாதிரி அவை அதைப் படுகின்றனவா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூண்டில் போட என்னால் ஆகாது. தூண்டில் முள்ளில் எதிர்முள், அதாவது கழலாமல் சிக்கவைக்கிற பின்நோக்கிய கூர், இல்லாத வகையைப் பயன்படுத்துகிறேன், சீக்கிரம் கழற்றுகிறேன், வெயில் காலத்தில் வலைக்குள் மீனை அடைத்து வைப்பதில்லை. இதெல்லாம் துன்பத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. தெரிந்தேதான் செய்கிறேன். உங்கள் கேள்விக்கு இதற்கு மேல் யோக்கியமான பதில் என்னிடம் இல்லை.

ஆனால் நீங்கள் சொல்கிற தர்மம் எல்லா ஊருக்கும் பொது என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியில் சட்டமே உங்கள் கட்சி. தகுந்த காரணம் இல்லாமல் விலங்குக்கு வலி தரக்கூடாது, தின்பது தகுந்த காரணம், விளையாட்டு இல்லை, ஆகவே விடுவதற்கென்றே பிடிப்பது அங்கே குற்றமாகப் பார்க்கப்படுகிறது. இங்கிலாந்தில் தலைகீழ். கால்வாயிலிருந்து ஒரு கெண்டையைச் சாக்கில் போட்டுக்கொண்டு போனால்தான் போலீஸ் வரும்.

பிரயோஜனம் என்ன என்று கேட்டீர்கள். இங்கே சால்மனும் டிரவுட்டும் ஜமீன்தார் மீன்கள், அந்த ஆற்றோரங்கள் காசுள்ளவர்களுடையவை. ரோச், பிரீம், பர்ச், டென்ச் என்று மிச்சம் இருந்ததெல்லாம் ஆலைத் தொழிலாளிக்கும் சுரங்கத் தொழிலாளிக்கும் வந்து சேர்ந்தது. அவர்கள் வாரக்கூலியில் காசு சேர்த்துச் சங்கம் வைத்து, ஆற்றின் ஒரு பகுதிக்கு மீன்பிடி உரிமை வாங்கினார்கள். அந்த உரிமைதான் பின்னால் பெரிய ஆயுதமாக மாறியது. டெர்பி நகரத்தில் டெர்வென்ட் ஆறு இருக்கிறது. ஸ்பான்டன் என்ற இடத்தில் பிரிட்டிஷ் செலனீஸ் கம்பெனியின் செயற்கைப் பட்டு ஆலைக் கழிவு, நகரசபையின் சாக்கடை, மின்நிலையத்தின் சுடுதண்ணீர் மூன்றும் அதில் விழுந்தன. மீன் செத்தது. 'பிரைடு ஆஃப் டெர்பி' என்ற உள்ளூர்த் தூண்டில் சங்கம் இந்த மூன்று தரப்பின் மீதும் வழக்குப் போட்டது. ஒரு ஆலை, ஒரு நகரசபை, ஒரு அரசு மின்வாரியம், எதிரே தக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு கூட்டம். 1952இல் மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போய் ஜெயித்தார்கள், கழிவை விடக்கூடாது என்று தடை உத்தரவே வந்தது. இதற்கு முன் 1948இல் தூண்டில்காரர்கள் சேர்ந்து தொடங்கியிருந்த ஒரு அமைப்பு பின்னால் நின்றது, வேறு பெயரில் இன்றைக்கும் ஆற்றுக்காக வழக்கு நடத்துகிறது. உங்கள் நொய்யலுக்காகச் சாயப்பட்டறைகள் மேல் வழக்குப் போட்டவர்கள் ஆயக்கட்டு விவசாயிகள், ஏனென்றால் அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய வேண்டியது. டெர்வென்ட்டில் போட்டவர்களுக்கு வயலும் இல்லை, மீனைக் குழம்பு வைக்கிற வழக்கமும் இல்லை.

அதற்காக எல்லாரையும் தியாகிகள் என்று சொல்லிவிடாதீர்கள். ஈயக்குண்டை விழுங்கித் தேம்ஸ் நதி அன்னங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தது இதே தூண்டில்காரர்களால்தான். 1987இல் சிறிய ஈயக்குண்டு விற்பதைத் தடை செய்த பிறகுதான் அன்னங்கள் மறுபடி பெருகின. ஏரிகளில் இன்னொரு கூத்து உண்டு, எனக்கு அதில் அவ்வளவு ருசி இல்லை. கெண்டையை ஊட்டி ஊட்டி வளர்த்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, அதே மீனை வருடா வருடம் ஆள் மாற்றி ஆள் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். கென்ட்டில் ஆஷ்ஃபோர்ட் பக்கத்து ஏரியில் 'டூ டோன்' என்று ஒரு கெண்டை, 67 பவுண்டு 14 அவுன்ஸ், அதாவது முப்பது கிலோவுக்கு மேல், அப்போது நாட்டுச் சாதனை. 2010இல் அது செத்தபோது தூண்டில்காரர்கள் கூடி ஏரிக்கரையிலேயே புதைத்தார்கள். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அந்தச் செய்தியைப் படித்தேன்.

இப்போது உங்கள் பயணம். மே மாதம் ஆற்றில் பிடிக்க முடியாது. 1878இல் ஷெஃபீல்ட் எம்.பி. முண்டெல்லா கொண்டுவந்த சட்டத்திலிருந்து வருகிற வழக்கம், முட்டையிடும் காலம் என்று மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகள் மூடியிருக்கும். ஜூன் 16 திறப்பு, அன்றைக்கு நீங்கள் அங்கேதான் இருப்பீர்கள், மில்டன் கீன்ஸ் ஓரமாக ஓடுகிற கிரேட் ஊஸ் ஆற்றுக்குப் போங்கள். அதுவரை கால்வாயும் ஏரிகளும் போதும், பெரும்பாலானவற்றுக்கு அந்தத் தடை இல்லை. அதே கிராண்ட் யூனியன் உங்கள் மகள் ஊர் வழியாகவும் போகிறது.

இரண்டு அனுமதி வேண்டும், ஒன்று போதும் என்று நினைத்து மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய. முதலாவது அரசு உரிமம், அரசின் இணையதளத்திலேயே வாங்கலாம், ஒரு நாள், எட்டு நாள், வருடம் என்று இருக்கிறது, 66 வயது ஆகியிருந்தால் வருட உரிமத்தில் சலுகை உண்டு. இல்லாமல் பிடித்தால் 2,500 பவுண்டுவரை அபராதம். இரண்டாவது அந்தத் தண்ணீருக்கு உரிமை வைத்திருக்கிறவர்களின் சீட்டு, உங்கள் பக்கம் பெரும்பாலும் உள்ளூர்ச் சங்கத்திடம் இருக்கும், தூண்டில் சாமான் கடையில் விசாரித்தால் சொல்லிவிடுவார்கள். மீனை வீட்டுக்குக் கொண்டுபோகிற நினைப்பு இருந்தால் கால்வாயிலும் ஏரியிலும் உரிமைக்காரர் எழுதிக் கொடுத்தால் ஒழிய முடியாது. ஆற்றில் 20 செ.மீ.க்கு உட்பட்ட சிறு மீன் நாளுக்கு 15 வரை சட்டம் விடுகிறது, சங்க விதி விடாது. விட்டாலும் ரோச்சில் முள்ளெடுத்து மாளாது.

கடையில் நீண்ட கார்பன் கோலைக் காட்டி ஆசை காட்டுவார்கள், வாங்காதீர்கள். விலையும் அதிகம், மின்கம்பிக்கு 30 மீட்டருக்குள் அதைத் தூக்கவே கூடாது, கார்பனில் மின்சாரம் பாயும், செத்தவர்கள் இருக்கிறார்கள். நாலு மீட்டர் கோல் ஒன்று, இரண்டு தக்கை, எதிர்முள் இல்லாத சின்ன முள் ஒரு பாக்கெட், முடிச்சு இல்லாத கைவலை, முள் கழற்றுகிற குச்சி. ரொட்டி மகள் வீட்டிலேயே இருக்கும். ஈப்புழு வாங்கினால்தான் வேலை, குளிர்ச்சியில் வைக்காவிட்டால் கூண்டுப்புழு ஆகி அப்புறம் ஈயாகப் பறக்கும், இங்கே எல்லாரும் ஃபிரிட்ஜில்தான் வைக்கிறார்கள், மருமகனிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.