பிரைவேட் பேங்கிங்கா, ஃபண்ட் நிறுவனமா: ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

எம்பிஏ முடிக்கப்போகும் உங்கள் மகளுக்கு இரண்டு ஆஃபர்கள் வந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஒன்று சென்னையில், பெரிய வங்கியொன்றின் பிரைவேட் பேங்கிங் பிரிவில். மற்றொன்று மும்பையில், அதே குழுமத்தின் மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனத்தில். "ரெண்டும் பணக்காரங்க பணத்தைப் பார்த்துக்கிற வேலைதானே, சென்னையிலேயே இருக்கட்டுமே" என்பது உங்கள் கேள்வி. ஊரைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம்.

பணக்காரர் பணம் என்பது முதல் வேலைக்குத்தான் பொருந்தும். கோடிக்கணக்கில் சொத்துள்ள சில குடும்பங்களை ஒரு ரிலேஷன்ஷிப் மேனேஜரிடம் ஒப்படைத்திருப்பார்கள். டெபாசிட், கடன், ஃபண்ட், பிஎம்எஸ் (ஒருவருக்கென்றே தனியாக நிர்வகிக்கும் முதலீடு), இன்ஷூரன்ஸ், வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைக்குப் பணம் அனுப்புவது, உயில், குடும்ப டிரஸ்ட் என்று அவர்களுக்கு எது வேண்டுமானாலும் முதல் போன் இவருக்குத்தான் வரும், ஞாயிற்றுக்கிழமையானாலும். எந்தப் பங்கை வாங்குவது, எதை விற்பது என்று முடிவெடுப்பது இவர் வேலையல்ல.

அதை முடிவு செய்பவர்கள் ஃபண்ட் நிறுவனத்தில் இருக்கிறார்கள். அங்கே மாதம் ஐந்நூறு ரூபாய் எஸ்ஐபி என்ற மாதத் தவணை கட்டும் ஆசிரியையின் பணமும் மில் முதலாளியின் பணமும் ஒரே திட்டத்தில்தான் சேரும். ஃபண்ட் மேனேஜர் இருவரையும் பார்த்திருக்க மாட்டார். அவர் பார்ப்பது கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளையும் வட்டி விகிதத்தையும்தான். தினமும் வெளியாகும் என்ஏவி, அதாவது திட்டத்தின் ஒரு யூனிட்டின் மதிப்பு, அவருடைய மார்க் ஷீட், ஊரே பார்க்கலாம். பங்குச் சந்தையையும் ஃபண்டுகளையும் கண்காணிக்கும் செபி 2021இல் கொண்டுவந்த விதிப்படி, முக்கிய ஊழியர்கள் தங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தங்கள் நிறுவனத் திட்டங்களிலேயே போட்டாக வேண்டும்.

ஒரே குழுமம் என்றாலும் இரண்டும் ஒரே முதலாளி அல்ல. செபியின் விதிமுறைகளின்படி மியூச்சுவல் ஃபண்டை நடத்துவது தனி நிறுவனம். எஸ்பிஐயின் ஃபண்ட் நிறுவனத்தில் பிரான்சின் அமுண்டி பங்குதாரர். எச்டிஎஃப்சி குழுமத்தின் ஃபண்ட் நிறுவனமான எச்டிஎஃப்சி ஏஎம்சி 2018இல் தனியாகவே பங்குச் சந்தைக்கு வந்தது. ஆகவே வங்கி ஊழியருக்கான சம்பள விகிதம், வீட்டுக்கடன் சலுகையெல்லாம் அங்கும் உண்டு என்று நினைத்துவிடாதீர்கள். வெளிநாட்டிலும் ஏற்பாடு ஒரே மாதிரி இல்லை. சுவிஸ் வங்கியான யுபிஎஸ் இரண்டையும் தனித்தனிப் பிரிவுகளாக வைத்திருக்கிறது, அமெரிக்க வங்கியான ஜேபி மார்கன் ஒரே பிரிவின் கீழ் வைத்திருக்கிறது. இணையத்தில் படிக்கும் பிள்ளைகள் குழம்புவதில் ஆச்சரியமில்லை.

வருமானம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் அன்றாட வேலை புரிந்துவிடும். ஃபண்ட் நிறுவனம் நிர்வகிக்கும் தொகையில் ஆண்டுக்கு ஒரு சிறு சதவீதத்தைக் கட்டணமாக எடுக்கிறது. ஃபண்டை விற்றுக்கொடுக்கும் வங்கிக்கு அந்தக் கட்டணத்திலிருந்து கமிஷன் போகிறது. வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே பிடித்த என்ட்ரி லோட் என்ற கட்டணத்தை 2009இல் செபி நீக்கியது. விற்பனையாளருக்கு மொத்தமாகக் கொடுத்த முன்பணக் கமிஷனையும் 2018இல் நிறுத்தியது. இப்போது வாடிக்கையாளர் பணம் ஃபண்டில் இருக்கும்வரை கமிஷன் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். இன்ஷூரன்ஸில் முதல் வருடக் கமிஷன் பெரிது. அதனால்தான் மார்ச் மாதம் வந்தால் மேனேஜர்கள் பாலிசியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். வாடிக்கையாளருக்கு நல்லதும் தன் டார்கெட்டும் எதிரெதிரே நிற்கும் நாட்கள் இந்த வேலையில் நிச்சயம் வரும். அந்த நாளில் "இது உங்களுக்கு வேண்டாம் சார்" என்று சொல்லக்கூடியவர்களிடம்தான் குடும்பங்கள் இருபது வருடம் தங்குகின்றன. மேனேஜர் வேறு வங்கிக்கு மாறினால் கூடவே போகிறவர்களும் உண்டு. அந்த உறவுதான் அவருடைய சொத்து.

உங்கள் மகளுக்கு முதல் நாளே கோடீஸ்வரர்களைக் கொடுத்துவிட மாட்டார்கள். சீனியர் ஒருவருக்குக் கீழே கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பு, படிவங்கள், போர்ட்ஃபோலியோ அறிக்கை என்று சில ஆண்டுகள் ஓடும். ஃபண்ட் விற்க, செபியின் பயிற்சி நிறுவனமான என்ஐஎஸ்எம் நடத்தும் 5-ஏ தேர்வு கட்டாயம். ஃபண்ட் நிறுவனத்தில் கம்பெனிகளை அலசும் ரிசர்ச் பக்கம் போனால், முதலீட்டு ஆய்வாளர்களுக்கான சர்வதேசத் தகுதியான சிஎஃப்ஏவுக்குப் படிக்கச் சொல்வார்கள். மூன்று நிலைகள் கொண்ட தேர்வு அது; முதல் நிலையிலேயே எழுதுபவர்களில் பாதிப்பேர்கூடத் தேறுவதில்லை.

நீங்கள் கவனிக்காத ஒன்று உண்டு. மும்பை கடிதத்தில் எந்தத் துறை என்றே இல்லை. ஃபண்ட் நிறுவனத்தில் முதலீட்டைத் தீர்மானிப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மீதிப்பேர் சேல்ஸ், ஆபரேஷன்ஸ், விதிகள் மீறப்படாமல் பார்க்கும் கம்ப்ளையன்ஸ். சேல்ஸ் என்றால், சென்னை வங்கியில் உட்கார்ந்திருக்கும் அதே ரிலேஷன்ஷிப் மேனேஜரிடம் போய் "எங்கள் ஃபண்டைக் கொஞ்சம் தள்ளிவிடுங்கள்" என்று கேட்பதுதான் வேலை. அதற்கு மும்பை வாடகை கொடுக்க வேண்டியதில்லை.

சொந்தக்காரர்களுக்குப் போன் செய்யவே தயங்குவாள், ஆனால் கம்பெனி அறிக்கைகளை விடிய விடியப் படிப்பாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ரிசர்ச் என்று உறுதியானால் தயங்காமல் மும்பைக்கு அனுப்புங்கள். அங்கிருந்து பின்னால் பிரைவேட் பேங்கிங்கின் முதலீட்டு ஆலோசனைக் குழுவுக்கு வரலாம். இங்கிருந்து ரிசர்ச்சுக்குப் போவது கடினம். மகள் தூரமாகப் போகிறாளே என்ற கவலை நியாயமானது. சுந்தரம் மியூச்சுவல் போல சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபண்ட் நிறுவனமும் இருக்கிறது, இரண்டு மூன்று வருட அனுபவத்தோடு அங்கே முயலலாம்.

இந்த வாரமே மகளை எச்ஆருக்கு மெயில் போடச் சொல்லுங்கள், நீங்கள் போன் செய்யாதீர்கள். எந்தத் துறை, யாருக்குக் கீழே வேலை, முதல் வருட அப்ரைசல் எதை வைத்து, விற்பனை டார்கெட் உண்டா என்று கேட்கட்டும். பதில் வந்ததும் சென்னை ஆஃபருக்கான கடைசித் தேதியையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள்.