கிழிந்த பழைய படத்தைச் செல்லோடேப் கொண்டு ஒட்டலாமா?

தாத்தா காலத்து அச்சுப் படத்தின் ஓரம் கிழிந்திருக்கிறது, செல்லோடேப் ஒட்டினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து ஒட்ட வேண்டாம்; ஏற்கெனவே ஒட்டியிருந்தால் பிய்த்தெடுக்கவும் வேண்டாம்.

யாங்கோனில் எங்கள் வீட்டுச் சாமி அறையில், கொள்ளுத்தாத்தா கப்பலில் கொண்டுவந்த முருகன் படம் ஒன்று இருக்கிறது. கல்லச்சில் பல வண்ணங்களில் அச்சான தாள். வேலுக்கு அருகே அது ஒரு சாண் நீளம் கிழிந்தபோது, அப்பா மிகுந்த கவனத்தோடு முன்னும் பின்னும் செல்லோடேப் ஒட்டினார். பல மழைக்காலங்களுக்குப் பிறகு சட்டத்தைக் கழற்றிப் பார்த்தால், முன்பக்கத்து நாடா சருகாக உதிர்ந்துவிட்டது; அது இருந்த இடத்தில் தாள் எண்ணெய் ஊறியது போலாகி, முருகனின் தோளுக்குக் குறுக்கே பழுப்புப் பட்டையொன்று தங்கிவிட்டது.

பழைய வகை நாடாவில் இருப்பது ரப்பர் பசை. அது காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து முதலில் இளகித் தாளின் நார்களுக்குள் இறங்குகிறது. பின்னர் அங்கேயே இறுகி, எந்தக் கரைப்பானுக்கும் எளிதில் அசையாத கறையாகிறது. வெப்பமும் வெளிச்சமும் இதை விரைவுபடுத்தும். 1960களில் பரவிய அக்ரிலிக் பசை நாடா அவ்வளவு மஞ்சளாகாது என்றாலும், அதுவும் மெல்ல மெல்ல நார்களுக்குள் வழிந்து பற்றிக்கொள்ளும். கறையை எடுக்கக் கரைப்பானைத் தொட்டால் சில மைகளும் சேர்ந்து கரைந்துவிடும் என்பதுதான் என்னை மிகவும் அச்சுறுத்துவது.

அறிஞர்களும் இதற்குத் தப்பவில்லை. 1950களில் ஜெருசலேமில், சாக்கடல் சுருள்கள் எனப்படும் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழைய யூதச் சுவடிகளின் துண்டுகளை நாடாவால்தான் இணைத்தார்கள். அவை பெரும்பாலும் தோல் என்றாலும் பசை ஏறிக் கறுத்தன. அந்தப் பசையை நீக்கப் பின்வந்தவர்கள் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது.

காகிதப் பாதுகாப்பாளர்கள் மெல்லிய ஜப்பானியத் தாளையும் கோதுமை மாச்சத்துப் பசையையும் பயன்படுத்துகிறார்கள், ஏனெனில் பின்னாளில் ஈரப்படுத்தி அதை எடுத்துவிட முடியும். நம் ஷான் மாநிலத்துப் பிண்டயா ஊரில் குடைக்குச் செய்யும் மரப்பட்டைத் தாளும் முசுக்கொட்டை இன நாரில் வருவதுதான், ஆனால் நான் பார்த்தவரையில் அது கிழிசலுக்குத் தடிப்பு அதிகம். மைதாவைக் காய்ச்சி அப்பிவிடவும் வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சையும் பூச்சியும் வரும்.

இப்போதைக்குப் படத்தை அமிலமற்ற இரு தாள்களுக்கு இடையே மடிக்காமல் கிடத்தி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். எங்கள் படத்தின் பின்பக்கத்தில் அப்பா ஒட்டிய நாடா இன்னும் இருக்கிறது. பயிற்சி பெற்ற பாதுகாப்பாளர் ஒருவர் பார்க்கும்வரை அதை நாங்கள் தொடுவதில்லை.