தொண்டைக் கட்டும் நீர்க்கடுப்பும் மாறி மாறி வருகின்றன. ஆசிரியர் வேலையில் இதெல்லாம் சகஜமா?

கேட்டவர் அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறதாம். வெள்ளிக்கிழமை ஆனால் குரல் போய்விடுகிறது, அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறது என்று எழுதியிருக்கிறார். நம் வேலையில் இது நிறையப் பேருக்கு இருக்கிறதுதான். அதற்காகப் பழகிக்கொள்ளாதீர்கள் டீச்சர். நான் பழகிக்கொண்டு பட்ட பாடு போதும்.

காரைக்குடிப் பக்கத்தில் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் இருபத்தாறு வருடமாக இடைநிலை ஆசிரியையாக இருக்கிறேன். உங்கள் இரண்டு தொந்தரவுக்கும் வேர் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பள்ளியில் நாம் தண்ணீர் குடிப்பதில்லை.

இதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் என் மாமியார். சாயங்காலம் என் பையிலிருந்து பாத்திரங்களை எடுத்துக் கழுவப் போடுவார். ஒருநாள் தண்ணீர் பாட்டிலைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏத்தா, காலையில நான் ரொப்பிக் குடுத்தது அப்படியே திரும்பி வருதே, இதை எதுக்குச் சுமந்துட்டுப் போயிட்டு வர்ற?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

குடித்தால் போக வேண்டும், அதனால் குடிப்பதில்லை. அப்போது நான் இருந்தது ஈராசிரியர் பள்ளி. தலைமை ஆசிரியர் கூட்டத்துக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்புக்கும் நான் ஒருத்திதான். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகப் பயம். ஆசிரியைகளுக்கென்று தனிக் கழிப்பறையும் கிடையாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் மாணவருக்கும் மாணவியருக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்று இருக்கிறது. ஆசிரியருக்கு என்று ஒரு வரி இல்லை. எனக்கு இன்றும் இது வருத்தம்தான்.

பெண்களுக்குச் சிறுநீர் வெளிவரும் குழாய் குட்டையானது, கிருமி சுலபமாக ஏறிவிடும். அவ்வப்போது சிறுநீர் போனால்தான் அது கழுவிக்கொண்டு போகும். நாம் தண்ணீரும் குடிக்காமல் அடக்கியும் வைத்தால் என்ன ஆகும்? ஒருமுறை எனக்குக் குளிர்காய்ச்சலோடு முதுகு வலியும் வந்து, கிருமி சிறுநீரகம் வரைக்கும் போய்விட்டது என்றார்கள். கடுப்பு வந்தபோதெல்லாம் டாக்டரிடம் போகாமல் இளநீரும் நீர்மோரும் குடித்தே காலம் தள்ளிய வினை அது. கடுப்பு திரும்பத் திரும்ப வந்தால் சிறுநீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

அடுத்தது குரல். அப்புறம் நான் மாறிப் போனது செட்டியார் ஒருவர் அந்தக் காலத்தில் கட்டிக் கொடுத்த கட்டடம். உயர்ந்த கூரை, வழவழவென்று பூசிய சுவர், கீழே ஆத்தங்குடிக் கல். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் ஒலியை வாங்கிக்கொள்ள ஒரு துணி கூட இல்லை, எல்லாம் மோதித் திரும்பும். ஒரே கூடத்தில் அந்தப் பக்கம் நான்காம் வகுப்பு, இந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்பு. அவர்களை மீறி நான் கத்த, என்னை மீறி அந்த டீச்சர் கத்த, பிள்ளைகள் எங்களை மீறிக் கத்துவார்கள். 2022-இல் சின்ன வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் என்ற திட்டம் வந்து, நான் அந்த வகுப்புக்குப் போனபோது பாட்டும் சேர்ந்துகொண்டது. பிள்ளைகளுக்கு நல்ல திட்டம், என் தொண்டைக்குத்தான் தாங்கவில்லை.

மிளகுப் பாலும் அதிமதுரமுமாக ஆறு மாதம் ஓட்டிவிட்டுத்தான் தொண்டை டாக்டரிடம் போனேன். கேமரா வைத்துப் பார்த்துத் திரையில் காட்டினார். இரண்டு குரல்நாணிலும் எதிரெதிரே அரிசி நுனி அளவுக்கு ஒரு புடைப்பு. "மண்வெட்டி பிடிக்கிற கையில காய்ப்புக் காய்க்குதுல்ல, அதேதான்" என்றார். பெண்கள் பேசும்போது அந்த நாண்கள் நொடிக்கு 200 தடவைபோல் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளுமாம். ஈரம் இல்லாமல் அத்தனை தடவை தட்டினால் காய்க்காமல் என்ன செய்யும்? எனக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படவில்லை. குரல் பயிற்சியிலேயே சில மாதத்தில் கரைந்தது. கிசுகிசுவென்று பேசினால் தொண்டைக்கு ஓய்வு என்று நினைத்திருந்தேன், அதுவும் கெடுதல்தானாம். செருமுவதும் அப்படியே.

இப்போது கத்துவதில்லை. மேசையில் ஒரு சின்ன மணி, அடித்தால் பிள்ளைகள் கைதட்டிப் பதில் சொல்லிவிட்டு அமைதியாவார்கள். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுவதை விட்டேன். இடுப்பில் மாட்டுகிற மைக் ஒன்று சொந்தக் காசில் வாங்கினேன், கூச்சம் இரண்டு நாளில் போய்விட்டது. ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் நான் இரண்டு மிடறு குடித்தால் பிள்ளைகளும் குடிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். மறந்தால் அவர்களே நினைவுபடுத்துகிறார்கள். பத்தரைக்கும் இரண்டரைக்கும் பக்கத்து டீச்சர் என் வகுப்பைப் பார்ப்பார், நான் அவருடையதைப் பார்ப்பேன். தனிக் கழிப்பறையைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கேட்டோம். தீர்மானத்தில் எழுத வைக்கவே மூன்று கூட்டம் ஆனது. ஒருத்தியாகக் கேட்டிருந்தால் கூச்சத்தில் விட்டிருப்பேன்.

குரல் கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால் காலாண்டு விடுமுறை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வருடத்துக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு இருக்கிறதே, அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய்க் காட்டுங்கள். பாட்டிலையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.