உழவர் நிறுவனத்தில் அலுவலர் நிலைக்காதது ஏன்?

கேள்வி: எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் முதன்மைச் செயல் அலுவலர் எவரும் ஓராண்டுகூட நீடிப்பதில்லை. உறுப்பினர் ஒருவரையே அப்பொறுப்பில் அமர்த்தலாமா?
– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அமர்த்த முடியாது. உழவர்களே உறுப்பினர்களாகவும் உரிமையாளர்களாகவும் இருக்கும் இத்தகைய ஒவ்வோர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கும் முழுநேர முதன்மைச் செயல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்றும், உறுப்பினர் அல்லாதவர்களிலிருந்தே இயக்குநர் குழு அவரை நியமிக்க வேண்டும் என்றும் நிறுவனங்கள் சட்டம் விதிக்கிறது. உறுப்பினரின் படித்த மகளோ மகனோ உறுப்பினராக இல்லாவிட்டால் விண்ணப்பிக்கலாம். ஆனால் அவருடைய உறவினரான இயக்குநர் தேர்வுக் கூட்டத்தில் அமராமல் இருப்பதே முறை.

அலுவலர்கள் விலகுவதற்குச் சம்பளம் மட்டுமே காரணமாக இருக்காது. 2020-இல் தொடங்கிய மத்திய அரசின் திட்டத்தில் நிர்வாகச் செலவுக்காக 3 ஆண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. அது நிற்கும் நாளில் சம்பளமும் நின்றுவிடாதபடி, கொள்முதல், விற்பனை வருவாயில் ஒரு பங்கை முதல் ஆண்டிலேயே ஊதியத்துக்கென ஒதுக்கத் தொடங்குங்கள். அதைவிடப் பெரிய இடர், அன்றாட வேலையில் இயக்குநர்களின் தலையீடு என்பது என் கருத்து. எந்த வியாபாரியிடம் விற்பது, யாருடைய சரக்கைத் தரமில்லை என்று திருப்பி அனுப்புவது என்பவற்றிலெல்லாம் பத்துப் பேர் கட்டளையிட்டால், திறமையுள்ளவர் எவரும் தங்கமாட்டார்.

தலையிடாமல் நடத்துவதற்கு ஓர் எடுத்துக்காட்டு, குஜராத்தின் கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம், அதாவது அமுல். அது 1946-இல் தொடங்கியது. தலைவர் திரிபுவன்தாஸ் படேல் உறுப்பினர்களையும் அரசியலையும் கவனித்துக்கொண்டு, ஆலையையும் வணிகத்தையும் ஊரில் பிறவாத வர்கீஸ் குரியனிடம் நம்பி விட்டார். எருமைப் பாலிலிருந்து பால்பொடி எடுக்க முடியாது என்று வெளிநாட்டு வல்லுநர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், குரியனின் சகாவான ஹரிசந்த் தலாயாவின் முயற்சியால் 1955-இல் ஆனந்த் நகரிலுள்ள சங்கத்தின் ஆலை அதைச் செய்துகாட்டியது. உழவர்களே முதலாளிகளாக இருந்தும் புதுமைக்குத் தடை வராததற்கு இந்தப் பொறுப்புப் பிரிவினை முக்கியக் காரணம்.

எனவே, எத்தனை ரூபாய் வரையிலான கொள்முதலை அலுவலர் தாமே முடிவு செய்யலாம், எதற்குக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்பதைத் தீர்மானமாக எழுதி வையுங்கள். கூடவே, உறுப்பினர் குடும்பத்து இளைஞர் இருவருக்குக் கணக்கையும் தரம் பிரித்தலையும் பழக்குங்கள். அலுவலர் மாறினாலும் கொள்முதல் நிலையம் பூட்டிக் கிடக்காது.