குட்டையில் இருப்பது வெங்காயத்தாமரையா, கருங்குவளையா?

கேள்வி: ஐயா, எங்கள் சம்பா வயலிலும் அதை ஒட்டிய குட்டையின் ஓரத்திலும் ஊதா நீலப் பூவுடன் ஒரு செடி மண்டியிருக்கிறது. வெங்காயத்தாமரை என்கிறார்கள். பொக்லைன் வைத்துக் குட்டையை வழித்துவிடலாமா? படம் அனுப்பியிருக்கிறேன்.
- விவசாயி, திருவாரூர் மாவட்டம்

பதில்: பொக்லைனுக்குச் சொல்லியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். படத்தில் இருப்பது கருங்குவளை, நம் மண்ணின் செடி. (நீல ஆம்பலையும் இந்தப் பெயரால் அழைப்பதுண்டு, அது வேறு.) தென் அமெரிக்காவிலிருந்து வந்த வெங்காயத்தாமரையும் இதுவும் ஒரே குடும்பம் என்பதால்தான் இந்தக் குழப்பம்.

காம்பு உப்பியிருந்தால்தான் வெங்காயத்தாமரை என்று பலர் நினைக்கிறார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். நெருக்கமாக வளரும்போதும் சேற்றில் வேர் பிடித்தபோதும் வெங்காயத்தாமரையின் காம்பும் உப்பாமல் நீண்டுவிடும். பூவைப் பாருங்கள். வெங்காயத்தாமரையின் மேலிதழில் மயிற்பீலிக் கண் போல மஞ்சள் புள்ளி இருக்கும். பூங்கொத்து தனித் தண்டில் நிமிர்ந்து நிற்கும். கருங்குவளையில் அந்தப் புள்ளி கிடையாது. பூவும் சிறியது, இலைக்காம்பைப் பிளந்துகொண்டு பக்கவாட்டில் வந்ததுபோல் இருக்கும், பூத்து முடிந்ததும் கொத்து கீழே வளைந்துவிடும். உங்கள் இரண்டாவது படத்தில் அந்த வளைவு நன்றாகத் தெரிகிறது.

குட்டை ஓரத்தில் இருப்பதை அப்படியே விடுங்கள். சேற்றில் வேரூன்றி ஆழமில்லாத கரையோரத்தில் வளரும் செடி இது. மிதந்து பரவி நீர்ப்பரப்பை மூடாது. அதன் நிழலில் தவளையும் மீன்குஞ்சும் ஒதுங்கும். அங்கே களைக்கொல்லியும் வேண்டாம்.

வயலில் மட்டும் இது களைதான், அதுவும் பிடிவாதமான களை. தண்ணீர் கட்டினால் களை அடங்கும் என்ற கணக்கு இதனிடம் செல்லாது. தேங்கிய நீருக்கு அடியிலேயே இதன் விதை முளைக்கும். முளைத்த புதிதில் இலை புல் போல ஒடுங்கியிருப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும், இதய வடிவ இலை பிறகுதான் வரும். பூத்துவிட்ட செடிக்கு இனி மருந்தடிப்பது வீண் செலவு. காய் முற்றுவதற்குள் கையால் பிடுங்கி வரப்பில் காயப் போடுங்கள். விட்டால் பொடிப்பொடியான விதைகள் சேற்றில் இறங்கிவிடும். அடுத்த சம்பாவில் வரிசை நடவு செய்து, நட்ட 10 முதல் 15 நாட்களுக்குள் கோனோவீடர் (வரிசைகளுக்கு இடையே தள்ளி ஓட்டும் களையெடுக்கும் கருவி) ஓட்டுங்கள். 10 நாள் கழித்து இன்னொரு முறை ஓட்டினால் பெரும்பகுதி சேற்றில் அமுங்கிவிடும்.