யூதர்களின் ஹனுக்கா எட்டு நாள் பண்டிகைதானே, விளக்கில் ஒன்பது சுடர் ஏன்? எந்தப் பக்கமிருந்து ஏற்ற வேண்டும்?

ஒன்பதாவது சுடர் கணக்கில் சேராது. அதன் பெயர் ஷமாஷ், அதாவது ஏவலாள். ஹனுக்கா சுடர்களின் வெளிச்சத்தில் படிக்கவோ வேலை பார்க்கவோ கூடாது, பார்த்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான். ஆகவே மற்றதை ஏற்றுவதற்கும், தப்பித்தவறி வெளிச்சம் பயன்பட்டால் அந்தப் பழியை ஏற்பதற்கும் ஷமாஷ். எட்டும் ஒரே மட்டத்தில் இருக்க, இது மட்டும் சற்று உயர்ந்தோ விலகியோ நிற்கும்.

பலர் குழம்புவது வரிசையில்தான். வைப்பது வலமிருந்து, ஏற்றுவது இடமிருந்து. முதல் இரவு, விளக்கைப் பார்த்து நிற்பவரின் வலக்கோடியில் ஒரு மெழுகுவர்த்தி. மறுநாள் அதற்கு இடப்பக்கம் இன்னொன்று. புதிதாக வந்த அதைத்தான் முதலில் ஏற்ற வேண்டும். எட்டு இரவுக்கும் ஷமாஷைச் சேர்த்து 44 வேண்டும். கடையில் விற்கும் பெட்டியிலும் அதே கணக்குதான்.

பழங்கால யூத அறிஞர்களான ஷம்மாய், ஹில்லேல் இருவர் வழியிலும் இதில் கருத்து வேறுபாடு. முதல் நாளே எட்டையும் ஏற்றிக் குறைத்துக்கொண்டே வரலாம் என்றது ஷம்மாய் மரபு. புனிதமானதில் ஏற்றம்தான் இருக்க வேண்டும், இறக்கம் கூடாது என்றது ஹில்லேல் மரபு. நிலைத்தது இரண்டாவது.

தமிழ் பைபிளில் யோவான் 10:22 சொல்லும் ‘தேவாலயப் பிரதிஷ்டை பண்டிகை’ இதுதான். கி.மு. 164 வாக்கில், செலூக்கிய அரசன் நான்காம் அந்தியோகஸின் ஆட்களிடமிருந்து எருசலேம் ஆலயத்தை மக்கபேயர் என்ற யூதக் கிளர்ச்சியாளர்கள் மீட்டுத் தூய்மை செய்தனர். ஒரு நாளுக்கான எண்ணெய் எட்டு நாள் எரிந்த கதை, யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதில் வருகிறது. அதற்கு முந்தைய மக்கபேயர் நூல்களில் எட்டு நாள் விழா உண்டு, எண்ணெய் அதிசயம் இல்லை. ஆலயத்து விளக்குக்கும் ஏழு கிளைதான். அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இருட்டிய பிறகு அரை மணி நேரமாவது எரிய வேண்டும். தெருவில் போகிறவர் கண்ணில் படட்டும் என்று ஜன்னலோரம் வைப்பார்கள். சுடர்களை நெருக்கி வைத்தால் ஒன்றின் சூட்டில் மற்றது உருகிச் சாயும். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து எரிந்தால் அது விளக்கில்லை, தீப்பந்தம்.

சிக்கல் வெள்ளிக்கிழமைதான். வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வு நாளான சப்பாத் வந்துவிட்டால் நெருப்பைத் தொட முடியாது என்பதால், சப்பாத் விளக்குக்கு முன்பே, வெளிச்சம் இருக்கும்போதே ஏற்றியாக வேண்டும். இருட்டிய பின்னும் அரை மணி எரிய, பெட்டியில் வரும் ஒல்லி மெழுகுவர்த்தி தாங்காது. பெரிய வர்த்தியோ ஆலிவ் எண்ணெயோ போடுங்கள்.

போதுமான எண்ணெய் விட்டும் காற்றில் அணைந்துவிட்டால், மறுபடி ஏற்றியே தீர வேண்டும் என்ற கட்டாயமில்லை. தொடக்கத்திலேயே எண்ணெய் குறைவு என்றால், மேலே ஊற்றினால் ஆகாது. அணைத்துவிட்டு, அளவாக ஊற்றித் திரும்ப ஏற்ற வேண்டும்.