குறட்டை நிற்கும் நேரத்தைத்தான் கவனிக்க வேண்டும்

கேள்வி: டோம்பிவிலியில் வசிக்கிறோம். கணவருக்கு வயது 54, சற்றுப் பருமனானவர். குறட்டை பக்கத்து வீடு வரை கேட்கும். திடீரென்று நின்றுபோய், திணறலோடு மீண்டும் தொடங்கும். இரவில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுகிறார். ரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை போட்டும் குறையவில்லை. போன வாரம் லோக்கல் ரயிலில் தூங்கி அம்பர்நாத் போய் இறங்கினார். தூக்க மாத்திரை கொடுக்கலாமா? மெஷின் மாட்டினால் ஆயுசுக்கும் விட முடியாது என்கிறார் என் நாத்தனார். ஆபரேஷன் உண்டா?

பதில்: தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம், அம்மா. தொண்டைத் தசைகளை அது இன்னும் தளர்த்திவிடக்கூடும். மதுவும் அப்படித்தான்.

நீங்கள் எழுதியிருப்பது ஸ்லீப் ஆப்னியாவாக, அதாவது தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைப்படும் கோளாறாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தூங்கும்போது நாக்கும் தொண்டைச் சதையும் தளர்ந்து மூச்சுப்பாதையை நெருக்குகின்றன. குறுகிய பாதையில் காற்று போகும் சத்தம் குறட்டை. பாதை முழுக்க மூடிக்கொண்டால் சத்தமே இருக்காது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்ததும் மூளை அவரை நொடிப்பொழுது எழுப்பிவிடுகிறது. காலையில் அது அவருக்கு நினைவிருக்காது. எட்டு மணி நேரம் படுத்தும் ரயிலில் கண் சொக்குவது இதனால்தான். மூடிய தொண்டைக்கு எதிராக மூச்சை இழுக்கும்போது இதயம் விரிகிறது. உடலில் நீர் அதிகமாகிவிட்டதென்று எண்ணி அதை வெளியேற்றும் ஹார்மோனைச் சுரக்கிறது. இரவில் எழுவதற்கு பிராஸ்டேட்டை மட்டுமே சந்தேகித்துப் பல மாதம் அலைபவர்கள் உண்டு. அடங்காத ரத்த அழுத்தத்துக்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

நுரையீரல் மருத்துவரிடமோ காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடமோ காட்டி ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூங்கும்போது மூச்சைக் கண்காணிக்கும் பரிசோதனை செய்யுங்கள். பலருக்கு வீட்டிலேயே செய்துவிடலாம். குறைந்தது 10 நொடி மூச்சு நிற்பதோ குறைவதோ ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை என்று எண்ணுவார்கள். 5 முதல் 15 லேசானது, 30-ஐத் தொட்டால் கடுமையானது.

நடுத்தர, கடும் நிலைகளுக்கு முதல் சிகிச்சை சிபாப் கருவி. 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் குழுவினர் அறிமுகப்படுத்தியது. அது ஆக்ஸிஜன் தருவதில்லை. அறைக் காற்றையே முகமூடி வழியாக அழுத்தமாக அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கிறது. நாத்தனார் சொன்னதில் பாதி உண்மை. கழற்றினால் தொல்லை திரும்பும். ஆனால் அதற்குக் காரணம் பழக்க அடிமைத்தனமல்ல, தொண்டை பழைய தொண்டையாகவே இருப்பதுதான். முதல் வாரத்திலேயே பெட்டிக்குள் போய்விடும் கருவிகள் பல. பெரும்பாலும் முகமூடி அளவு சரியாக இருக்காது. மாலையில் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகட்டும். கருவியில் காற்றை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டியைத் தினமும் கழுவிக் காயவையுங்கள், மும்பை மழைக்காலத்தில் மறக்கவே கூடாது. சத்தத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். அவர் குறட்டைக்கு முன் அது ஒன்றுமே இல்லை!

டான்சில் பெரிதாக இருப்பதுபோல் தெளிவான அடைப்பு இருந்தால் ஆபரேஷன் உதவும், எல்லோருக்கும் பொருந்தாது. லேசான, நடுத்தர நிலைகளில் பல் மருத்துவர் செய்து தரும், கீழ்த்தாடையை முன்னே இழுத்துப் பிடிக்கும் கருவி உண்டு. எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வித்தியாசம் தெரியும். ஒல்லியானவர்களுக்கும் இது வருவதால், எடையை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

இன்றிரவு அந்தக் குறட்டையையும் இடைவெளியையும் செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், மருத்துவருக்கு உதவும். ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். அவர் வண்டி ஓட்டுபவர் என்றால், சிகிச்சை பலன் தரும் வரை சாவி உங்களிடமே இருக்கட்டும்.